உசிர் டப்பா

எங்க வீட்டுக்காரரைத் தெருவுல எல்லாரும் ஸ்டேஷன் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. புதுசா குடிவந்தவங்க மரியாதையா நின்னு, "சார் எந்த ஸ்டேஷன்ல இருந்தீங்க?"ன்னு கேப்பாங்க. அவர் லேசா சிரிச்சுக்கிட்டு நிப்பாரே தவிர, மறுத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். உண்மையைச் சொல்லணும்னா ரயிலுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் டிக்கெட் வாங்கினதோட சரி. ஏறி உக்காந்தா ரெண்டு ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள வாந்தி வந்துடும். கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை என்னை ரயில்ல கூட்டிட்டுப் போனார். போன வழியெல்லாம் நான் அவர் வாய்க்கு நேரா ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முப்பது வருஷம் அவர் பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகம். அடிபட்ட வண்டி, எரிஞ்ச கடைன்னு வர்ற மனுவையெல்லாம் படிச்சு, ஏன் ஒண்ணும் கிடையாதுன்னு கடுதாசி எழுதற மேஜை. "இது முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டிய விபத்து. ஆகவே நிறுவனம் பொறுப்பேற்காது." இந்த ஒரு வரியை வச்சே காலத்தை ஓட்டிட்டார் மனுஷன். வீட்டுலயும் அதே பேச்சுதான். பால் பொங்கி வழிஞ்சா, "எதிர்பார்த்திருக்க வேண்டியதுதானே"ம்பார். நான் வழுக்கி விழுந்தப்போகூட அதைத்தான் சொன்னார், கையைக் குடுத்துத் தூக்கறதுக்கு முன்னாடி.

நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறேன். தினம் நாப்பது பேர் கையில நரம்பு தேடி ஊசியால குத்தறவ. அதனால யாரையும் குத்தறதுல எனக்குக் கூச்சம் கிடையாது. கேக்கறவங்க பொறுத்துக்கணும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பிசியோதெரபி படிச்சவ. மூணு வருஷம் முன்னாடி கல்யாணம் பண்ணி அனுப்பினோம். அவ ஏறின கார் தெருமுனை திரும்பலை, இவர் அளக்கற டேப்பை எடுத்துக்கிட்டு அவ அறைக்குள்ள போயிட்டார். நான் வாசல்ல நின்னு கண்ணைத் துடைச்சுக்கறேன், உள்ளேர்ந்து "பன்னெண்டுக்குப் பத்து"ன்னு குரல் கேக்குது.

ஒரே மாசத்துல அவ கட்டில் போச்சு, அலமாரி போச்சு. நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பலகை வந்துச்சு. அதுமேல தண்டவாளம், சிக்னல், தீப்பெட்டி அளவுல வீடுங்க, சுண்டுவிரல் நகம் உயரத்துக்கு ஜனங்க. ரயில் அறையைச் சுத்தி வரணும்னா வாசலையும் தாண்டணும் இல்லையா? அதுக்கு வாசப்படிக்குக் குறுக்கே ஒரு பாலம். ஒரு பக்கம் கீல் வச்சது, தூக்கினா மேல எழும்பும். பொண்ணு சின்னவளா இருந்தப்போ ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அவ உயரத்தை அந்த வாசல் நிலையிலதான் பென்சில்ல கோடு போட்டு வச்சோம். மூணு வயசுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் இருந்த கோடு மேலயே கீலை வச்சு முறுக்கிட்டார்.

பாலம் தூக்கியிருக்கறப்போ ரயில் வந்து தொபுக்கடீர்னு விழுந்துடக்கூடாதேன்னு அதுக்கும் ஓர் ஏற்பாடு பண்ணியிருந்தார். பாலம் எழும்பின உடனே ரெண்டு பக்கமும் ஒரு கை நீளத்துக்குத் தண்டவாளத்துல கரண்ட் நின்னுடும். வர்ற ரயிலும் அங்கேயே நின்னுடும். "விபத்துக்கு வழியே கிடையாது"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்குவார். ஆனா ரயில் ஓடிக்கிட்டிருக்கறப்போ பாலத்தைத் தூக்க யாரையும் விடமாட்டார். ஓட்டம் கெட்டுப்போகுமாம். எல்லாரும் அடியில குனிஞ்சு, தவழ்ந்துதான் உள்ள போகணும். முட்டிவலிக்காரி நான், கையில டீ டம்ளரோட தவழ்ந்திருக்கேன்.

சரி, இவ்வளவு பண்ணியும் ரயில் ஓடிச்சான்னா, அதுதான் இல்லை.

இந்த இன்ஜின் ஒவ்வொண்ணுக்குள்ளயும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சர்க்யூட் உண்டு. டிகோடர்னு பேரு. இவர் கையில இருக்கற ரிமோட்ல வேகம், விளக்கு, ஹாரன்னு எதை அமுக்கினாலும், அந்த உத்தரவைப் புரிஞ்சுக்கிட்டு இன்ஜினை நடத்தறது அதுதான். அதுக்கு வேண்டிய கரண்ட் தண்டவாளத்துலேர்ந்து சக்கரம் வழியா ஏறணும். வழியில ஒரு தூசி கிடந்தாப் போதும், கண் சிமிட்டற நேரம் கரண்ட் விட்டுப்போகும், டிகோடருக்கு மயக்கம் வந்துடும். இன்ஜின் நிக்கும், விளக்கு அணையும், ஹாரன் பாதியில தொண்டையை அடைச்சுக்கும். இவர் ஓடிப்போய் ஆள்காட்டி விரலால ஒரு தள்ளு தள்ளுவார். நாலு அடி போகும், மறுபடி நிக்கும். மூணு வருஷமும் அந்த ரயில் ஓடினது கரண்ட்ல இல்லை, இவர் விரல்ல.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவர் குத்தம் சொன்னது என் பெருக்குமாத்தை. பெருக்கலைன்னா தூசி சேருதாம், பெருக்கினா அதே தூசி கிளம்பிப் போய்த் தண்டவாளத்துல உக்காருதாம். அப்ப நான் என்னதான் பண்ணணும்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, "மெதுவா நட"ன்னார்.

போன மாசம் பொண்ணு ஃபோன் பண்ணினா. "அம்மா, அவர்கூட இனிமே முடியாதும்மா. ரொம்ப நாளாவே முடியலை. நான் அங்க வந்து இருக்கலாமா?"ன்னு கேட்டா. பெத்த வீட்டுக்கு வர்றதுக்கு அனுமதி கேக்கறா. ஃபோனை இவர்கிட்ட குடுத்தேன். "வாம்மா. எப்ப வேணும்னாலும் வா. இதெல்லாம் கேக்கணுமா?"ன்னார். ரொம்ப நல்லாத்தான் பேசினார். ஃபோனை வச்சுட்டு என் பக்கம் திரும்பி, "நம்ம சோஃபாவை விரிச்சா கட்டில் ஆகும்ல?"ன்னு கேட்டார்.

"என்னங்க, அது அவ அறை."

"இருந்துது. இப்ப பிரிச்சா மறுபடி சேக்கவே முடியாது. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கிளப்காரங்க வேற வர்றாங்க."

"வந்து எதைப் பாக்கப்போறாங்க? உங்க விரலையா?"

அவருக்கு முகம் சிவந்துபோச்சு. எனக்கும் வாய் நிக்கலை. "ஒரு மணி நேரம். உங்க விரல் படாம, நிக்காம, ஒரே ஒரு ரயில் ஒரு மணி நேரம் ஓடட்டும். அறையை நீங்களே வச்சுக்குங்க. நின்னுச்சுன்னா மறுநாளே காலி பண்ணி அவளுக்குக் குடுத்துடணும். சம்மதமா?"

"சம்மதம்"னார்.

மூணு நிமிஷம் சேந்தாப்புல ஓடாத ரயில். ஜெயிச்ச பந்தயம்னு நினைச்சுத்தான் கட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

அந்தக் கிளப்ல மொத்தம் அஞ்சு பேர். அஞ்சு பேர் வீட்டுலயும் யாரோ ஒருத்தர் அறை இல்லாம இருக்காங்க. தலைவர் ஒரு பல் டாக்டர். அவர்தான் இவருக்கு மருந்து சொன்னார்: இன்ஜினுக்குள்ளயே கொஞ்சம் கரண்டைச் சேத்து வச்சுட்டா, தண்டவாளத்துல கரண்ட் விட்டுப்போனாலும் டிகோடருக்குத் தெரியவே தெரியாது. சின்னச் சின்னக் கப்பாசிட்டரை வரிசையா ஒட்டி டிகோடரோட இணைக்கணும். ஓடறப்போ அது நிரம்பிக்கும், கரண்ட் இல்லாதப்போ தன்கிட்ட இருக்கறதைக் குடுக்கும். அதுக்கு ‘ஸ்டே அலைவ்’னு பேராம். நான் வச்ச பேரு உசிர் டப்பா.

முதல் கப்பாசிட்டர்ல ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாத்தி வச்சுட்டார். பட்டுனு ஒரு வெடி, அறை முழுக்க ஒரு நாத்தம். நான் போய்ப் பாத்தா, புருவத்துல கரியோட உக்காந்திருக்கார். "எதிர்பார்த்திருக்க வேண்டியதுதானே"ன்னேன். முப்பத்தோரு வருஷமா காத்திருந்து சொன்ன வார்த்தை, எனக்கு ரெண்டு நாளைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கலை.

அப்புறம் இடப் பிரச்சினை வந்துச்சு. அவர் பந்தயத்துக்கு எடுத்தது அந்தக் கறுப்பு நீராவி இன்ஜின். அவர் செல்லம். அதுக்குள்ள அஞ்சு கப்பாசிட்டர் வைக்க இடமே இல்லை. உள்ள எடைக்கு வச்சிருந்த ஈயக்கட்டியை அரத்தால தேச்சார், பத்தலை. கடைசியில டிரைவர் நிக்கற இடத்துல கண்ணு விழுந்துது. குண்டூசி உயரத்துக்கு ஒரு டிரைவர் பொம்மை, பிஞ்சு கையால லீவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தான். அவனைப் பேத்து ஜன்னல் விளிம்புல நிறுத்திட்டு, அங்க உசிர் டப்பாவை ஏத்தினார். யாரோ ஒருத்தரைக் காலி பண்ணாம இவருக்கு எந்தக் காரியமும் ஓடாது.

கடைசியா ஒரு கறுப்பு வயர். அது டிகோடர்ல கடுகை விடச் சின்னதா ஒரு புள்ளியில போய் ஒட்டணும். கொஞ்சம் தள்ளி ஒட்டினா டிகோடரே போயிடும். இவருக்குக் கண்ணும் தெரியலை, கையும் நடுங்குது. அரைமணி நேரம் முனகிட்டு, "இந்தாம்மா, உன் கை நடுங்காதே. கொஞ்சம் வாயேன்"னு கூப்பிட்டார்.

போகாம இருந்திருக்கலாம். ஆனா நரம்பு கிடைக்காத கையைப் பாத்தா எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குனிஞ்சு உள்ள போனேன், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே தொடல்ல ஒட்டிட்டேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டு, "பிரமாதம்"னார். எனக்கும் பெருமையாத்தான் இருந்துது.

அன்னிக்கே சோதனை. ஓடற இன்ஜினைத் தண்டவாளத்துலேர்ந்து கையில எடுத்தார். உள்ளங்கையில படுத்துக்கிட்டே பதினோரு செகண்ட் சக்கரம் சுத்திச்சு. தண்டவாளத்து மேல ஒரு முழுப் பேப்பரை விரிச்சார். இன்ஜின் பேப்பர்மேல ஏறி, ஒரு விக்கல்கூட இல்லாம, அந்தப் பக்கம் இறங்கிப் போச்சு. கரண்டே இல்லாத இடத்தைத் தாண்டிப் போகுதுன்னு ரெண்டு பேரும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தோம். அந்த அறையில கரண்ட் இல்லாம இருக்க வேண்டிய இடம் இன்னொண்ணும் இருக்கேன்னு எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது அன்னிக்குத் தோணியிருக்கணும். தோணலை.

சமையல்கட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது. என் பொண்ணு அறையை என் கையாலயே ஒட்டிக் குடுத்துட்டு வந்திருக்கேன். ராத்திரி தூக்கம் வரலை. தண்டவாளத்துல ஒரு சொட்டு எண்ணெய் தடவிட்டா என்னன்னுகூடப் புத்தி போச்சு. பந்தயம்னா பந்தயம்னு பேசாம இருந்துட்டேன். பேசாம இருந்ததுக்கு என்னையே திட்டிக்கிட்டும் இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில கிளப்காரங்க நாலு பேரும் வந்தாங்க. நாலு பேருக்கும் தொப்பை. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பாலத்துக்கு அடியில தவழ்ந்து உள்ள போனதைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும். பந்தயம் என்னன்னு அவங்களுக்குத் தெரியும். இவரே பெருமையா சொல்லி வச்சிருந்தார். பல் டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டார். இன்ஜின் நாலு பெட்டியோட கிளம்பிச்சு.

பத்து நிமிஷம் ஆச்சு. இருபது ஆச்சு. நிக்கலை. விளக்கு மினுக்கலை, ஹாரன் பிசகலை. நான் பாலத்துக்கு வெளிய டீ தட்டோட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இவர் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, விரலுக்கு வேலை இல்லைங்கறதை எல்லாரும் பாக்கற மாதிரி நின்னார். அம்பது நிமிஷம் ஆனப்போ, சோஃபாவுக்கு எந்த விரிப்பைப் போடறதுன்னு நான் யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்.

சாயங்காலம் வர்றேன்னு சொன்ன பொண்ணு அப்பவே வந்துட்டா. வாசக்கதவு திறந்துதான் இருந்துது. ஒரு பெரிய பெட்டி, தோள்ல ஒரு பை. மூணு வருஷக் குடித்தனம் அவ்வளவுதான். இளைச்சிருந்தா. என்னைப் பாத்து சிரிக்கப் பாத்தா, வரலை. "அப்பா எங்கம்மா?"ன்னா. நான் கையைக் காட்டினேன்.

அறை வாசல்ல வந்து நின்னா. உள்ள அஞ்சு ஆம்பளைங்க, சுத்தி ரயில். சுவர்ல மட்டும் அவ ஆசைப்பட்டு அடிச்ச வெளிர்நீலம் அப்படியே இருந்துது. யாரும் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி பல் டாக்டர், "அம்பத்தேழு நிமிஷம். இன்னும் மூணே நிமிஷம்தாம்மா. அப்படியே அடியில வந்துடு"ன்னார்.

அவளும் சரின்னு தலையாட்டினா. முன்னல்லாம் வந்தா சிரிச்சுக்கிட்டே தவழுவா. இன்னிக்குச் சிரிப்பு இல்லை. பெட்டியை முதல்ல அடியில தள்ளினா, முட்டி போட்டு, தலையைக் குனிஞ்சா. ரொம்ப நாளா பழக்கப்பட்ட மாதிரி குனிஞ்சா.

"குனியாதே"ன்னார் இவர்.

எல்லாரும் திரும்பினோம். அவர் குரல் மாதிரியே இல்லை. கட்டியிருந்த கையைப் பிரிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தார். "நீ குனிய வேண்டாம்மா. நிமிந்து வா."

பல் டாக்டர், "சார், தூக்கினா ரயில் நின்னுடும். பந்தயம் போயிடும்"னார்.

"தெரியும்"னார். ரெண்டு கையாலயும் பாலத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டார்.

உள்ளதைச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிச்சுது. மூணு வருஷத்துல முதல் தடவை. தட்டைக் கீழ வச்சுட்டு அவர் கையைப் பிடிச்சுக்கலாம்னு ஓர் அடி எடுத்து வச்சேன்.

அப்பதான் ரயில் வளைவு திரும்பி வந்துச்சு. நிக்கும்னு எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தோம். கரண்ட் இல்லாத இடத்துக்கு வந்துச்சு. பேப்பர்மேல போன மாதிரியே, ஒரு விக்கல் இல்லாம, விளக்கு எரிய, ஹாரன் கூவ, நேரா வந்து, விளிம்பைத் தாண்டி, என் பொண்ணு காலடியில விழுந்துது. பின்னாடியே நாலு பெட்டியும் ஒண்ணொண்ணா விழுந்துது. டிரைவர் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தான்.

தரையில பக்கவாட்டுல கிடந்துக்கிட்டு இன்ஜின் சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துது. ஒட்டினது என் கையாச்சே. பொண்ணு நிமிந்தா, அதை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டா.

"இன்னும் ஓடுதேப்பா"ன்னா.

"கரண்ட் போனப்புறமும் கொஞ்ச நேரம் ஓடும்மா"ன்னார், பாலத்தைப் பிடிச்சபடியே.

"தெரியும்பா"ன்னா.

சக்கரம் நின்னுது, விளக்கு அணைஞ்சுது. அவ நிமிந்து உள்ள நடந்தா. அதுக்கப்புறம்தான் இவர் பாலத்தை இறக்கினார்.

"ஆக, பந்தயம் தோத்தாச்சு"ன்னார் ஒரு கிளப்காரர், மெதுவா.

"ஏன்? நின்னுச்சா?"ன்னார் இவர். "என் விரலும் படலை, ரயிலும் நிக்கலை. விழுந்துது. விழக்கூடாதுன்னு பந்தயத்துல கிடையாது. பதினோரு செகண்ட் தரையிலயும் ஓடிச்சு, பாத்தீங்கல்ல? ஜெயிச்சது நான். அறை என்னுது. என் அறையை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன். இவளுக்குக் குடுக்கறேன்."

மூணு நிமிஷம் பாக்கி இருந்துதேன்னு ஒருத்தரும் கேக்கலை. குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைம்பாங்க. இவருக்கு மீசைகூடக் கிடையாது. "எதிர்பார்த்திருக்க வேண்டிய விபத்துதானே இது?"ன்னு நான் காதோட கேட்டேன். "டிரைவர் இருந்திருந்தா நிறுத்தியிருப்பான்"னார்.

மறுநாளே காலி பண்ணறேன்னவர் அஞ்சு நாள் எடுத்துக்கிட்டார். நகம் உயர ஜனங்களை ஒவ்வொருத்தரா பஞ்சுல சுத்தணுமாம். அந்த அஞ்சு நாளும் பொண்ணு என்கூடப் படுத்துக்கிட்டா, இவர் சோஃபாவுல. விரிச்சாலும் அது கட்டில் ஆகாதுன்னு அஞ்சாம் நாள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டார். இப்ப அவ அறையில கட்டில் இருக்கு, அலமாரி இருக்கு, நிலையில பென்சில் கோடு திரும்பத் தெரியுது. கோட்டுக்கு நடுவுல கீல் முறுக்கின ஓட்டை நாலு இருக்கு. அதை அடைக்கச் சொல்லியிருக்கேன்.

ரயில் எங்க போச்சுன்னு கேப்பீங்க. ஹாலுக்கு வந்துடுச்சு. சோஃபா போச்சு. ஹாலைச் சுத்தி வரணும்னா சமையல்கட்டு வாசலைத் தாண்டணும், அதனால பாலம் இப்ப அங்க. எல்லா இன்ஜினுக்கும் உசிர் டப்பா வச்சாச்சு, வேற யாரு, நான்தான் ஒட்டினேன். அதனால பாலத்தைத் தூக்கினா எந்த ரயிலும் தானா நிக்காது. அடியில குனிஞ்சு வாயேன்னு முதல் நாள் சொல்லிப் பாத்தார். நான் டீயைக் கையில வச்சுக்கிட்டு நிமிந்து நின்னேன். அவர் என்னைப் பாத்தார், ரயிலைப் பாத்தார், ரிமோட்டை அமுக்கி ரயிலை நிறுத்தினார், எழுந்து வந்து பாலத்தைத் தூக்கினார்.

தினம் நாலு தடவை இது நடக்குது. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வர்றார். வரட்டும். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல, எனக்காக அவர் எதையாவது நிறுத்தறது இப்பதான்.